யூசுப் பாய் கலந்த பழம்

யூசுப் பாயைக் கொன்றது வெயில் இல்லை. வெயில் எல்லோருக்கும்தான் அடித்தது. அவரை மட்டும் குளிர் அறையிலிருந்து எடுத்து நீராவி அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். அதனால் இறந்துபோனார்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வேறு மாதிரி வந்தது. "நம் சக ஊழியர் திரு. யூசுப் அவர்கள் உடல்நலக் குறைவால் காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." அனுப்பியவர் எங்கள் மேனேஜர். நான் அப்போது பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மதியம் பாயை நான்கு பேர் வேனில் ஏற்றியதைப் பார்த்திருந்ததால் நல்ல செய்தி வரும் என்று காத்திருந்தேன். கூடப் போன லோடுமேன் தாஸ் பிறகு சொன்னான், வேன் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்ததாம். அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தபோது பாயின் உடம்பைத் தொட்ட டாக்டர், "எங்கே வேலை பார்த்தார்?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணூரில் ஒரு தொழிற்சாலை. அதற்குள் ஒரு கேன்டீன். கேன்டீனை நடத்துவது தொழிற்சாலை அல்ல, ஒரு ஒப்பந்தக்காரர். நாங்கள் அவருடைய ஆட்கள். நான் ஸ்டோர் பொறுப்பு. காய்கறி, பழம், பால் எல்லாம் என் வழியாக வரும். யூசுப் பாய் குளிர் அறையில் நின்று அதிகாரிகளின் சாப்பாட்டு அறைக்குச் சாலட் செய்பவர். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் பல வருடம் குளிர் சமையல் பிரிவில் இருந்தவர். அடுப்பைத் தொடமாட்டார். "அடுப்பு வேலைக்கு ஆயிரம் பேரு கீறான். என் வேலைக்கு மெட்ராஸ்ல எத்தினி பேருன்னு விரல் வுட்டு எண்ணு" என்பார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. செஃப் போடும் வெள்ளைத் தொப்பியைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் கத்தியை எடுப்பார்.

எங்கள் முதல் பேச்சே சண்டைதான். நான் வாங்கி வந்த தர்பூசணியைக் கையில் தூக்கித் தட்டிப் பார்த்துவிட்டு என் மேசைமேல் வைத்தார்.

"ஏம்மா ஸ்டோரு, இது பழமா, புட்பாலா?"

"தண்டையார்பேட்டையில நல்ல பழம்னு சொல்லித்தான் குடுத்தாங்க பாய்."

"வெளையாடறதுக்கு நல்ல பழம். துன்றதுக்கு வேற வாங்கினு வா."

அன்றிலிருந்து என் பெயர் ஸ்டோருதான். கடைசிவரை என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கோடையில் அவர் செய்த அந்தச் சாலட்டைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. காலையில் பால் வந்ததும் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிய வைப்பார். மெல்லிய துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிடுவார். தண்ணீர் தானாகச் சொட்ட வேண்டும். பிழியக் கூடாது, மேலே எடை வைக்கக் கூடாது. பிறகு கொஞ்சம் உப்பு, ஒரு கரண்டி தயிர். கரண்டியால் எடுத்தால் ஆடும். யாராவது அதைப் பன்னீர் என்று சொல்லிவிட்டால் போச்சு. "பன்னீர்ன்றது கல்லு வெச்சுக் கொன்னது. இது உசுரோட கீது. இதுக்குப் பேரு சீஸு." தர்பூசணி, கிர்ணிப் பழம், வெள்ளரிக்காய் மூன்றையும் ஒரே அளவில் நறுக்கி ஐஸ்மேல் வைப்பார். நுங்கு கிடைத்தால் நுங்கும் உண்டு. எலுமிச்சை, இடித்த மிளகு, கையால் கிள்ளிய புதினா. புதினாவைக் கத்தியால் தொட்டால் கறுத்துவிடும் என்பார். எல்லாம் தனித்தனியாகக் காத்திருக்கும். சாப்பிட ஆள் உட்கார்ந்த பிறகுதான் உப்புப் போட்டுக் கலப்பார். உப்புப் பட்டதும் பழம் தண்ணீர் விடத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் சீஸ் அந்தத் தண்ணீரில் கரைந்து வெளுத்த கஞ்சி மாதிரி ஆகிவிடும். அப்படி ஆனதை அவர் யாருக்கும் பரிமாறியதில்லை. அதிகாரிகள் கூட்டம் முடிந்து தாமதமாக வந்தால், கலந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாக நறுக்குவார். திட்டிக்கொண்டேதான் நறுக்குவார்.

எங்கள் கேன்டீனில் ஒரு விதி உண்டு. அதிகாரிகளின் அறையில் மிஞ்சும் சாப்பாட்டின்மேல் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அதன் பிறகுதான் குப்பைக்குப் போகும். ஊற்றாவிட்டால் ஊழியர்கள் வேண்டுமென்றே அதிகமாகச் சமைத்து மிச்சத்தைத் தின்பார்களாம். இதைச் சொல்லும்போது மேனேஜர் முகத்தில் வெட்கம் ஏதும் இருக்காது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். பிரியாணிமேல் ஊற்றியிருக்கிறோம். குலாப் ஜாமூன்மேல் ஊற்றியிருக்கிறோம்.

இந்தக் கோடை தொடங்கியபோது வெளியூரிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. பாய் பெரிய பாத்திரம் நிறையப் பழம் தயார் செய்துவிட்டுத் தொப்பியோடு காத்திருந்தார். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் சாலையை அடைத்திருந்தன. விருந்தினர்கள் பாதி வழியிலேயே காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மேனேஜர் வந்து, "எல்லாத்துலயும் சோப்பு ஊத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் சோப்பு பாட்டிலைப் பார்த்தார். பிறகு அந்தப் பாத்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். சீஸ் துணியோடு, உப்பு டப்பாவோடு, மிளகோடு நேராகப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனார். அங்கேதான் லோடு ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சாப்பிடுவார்கள். திருவொற்றியூர் குப்பத்துப் பையன்கள் பாதி, பீகார் பையன்கள் பாதி. அவர்கள் உட்கார்ந்த பிறகு எல்லோர் கண் முன்னாலும் உப்பைப் போட்டுக் கலந்தார். பின்னாலேயே போன நான் தட்டு எடுத்துக் கொடுத்தேன்.

அந்த லோடுமேன்களில் ஒருவன்தான் தாஸ். அவன் தட்டைச் சந்தேகத்தோடு பார்த்தான். "இன்னா பாய், தர்பூஸ்ல தயிர் சாதம் வுழுந்துடுச்சா?"

"வாய மூடிகினு துன்னு. துன்னுட்டுப் பேசு."

"இந்த வெள்ளையா கீறது நுங்கா?"

"நுங்குன்னு நெனச்சித் துன்னு. இன்னா இப்போ, உன்கிட்ட சர்ட்டிபிகேட் குடுக்கணுமா?"

தாஸ் ஒரு வாய் போட்டான். மெல்வதை நிறுத்திவிட்டு மறுபடி மென்றான். "உப்பு கீது, இனிப்பு கீது, காரமும் கீது. எதுல சேத்தி பாய் இது?"

"வயித்துல சேத்தி."

கொட்டகையே சிரித்தது. தமிழ் புரியாத பையன்களும் சிரித்தார்கள். ஒருவன் தட்டைத் தூக்கி, அடியில் நின்ற சாற்றைக் குடித்தான். இன்னொருவன் தன் பங்கைச் சாப்பிடாமல் டிபன் பாக்ஸில் போட்டு மூடப் பார்த்தான். வீட்டில் பெண் குழந்தை இருப்பதாகச் சொன்னான். பாய் அவன் கையிலிருந்து மூடியைப் பிடுங்கிக்கொண்டார்.

"வூட்டுக்குப் போறதுக்குள்ள கெட்டுப்பூடும் நைனா. கொழந்த வாயில வெச்சின்னா துப்பும். இத்த இங்கயே துன்னு. கொழந்தைக்கு நல்ல பழமா ஒண்ணு முழுசா எடுத்துப் போ. ஏம்மா ஸ்டோரு, இன்னா வேடிக்க, போயி எடுத்துக்கினு வா."

நான் போய் எடுத்து வந்தேன். பெரியதாகவே பார்த்து எடுத்தேன்.

மாலையில் மேனேஜர் பாயைக் கூப்பிட்டார். "யார கேட்டுக் குடுத்தீங்க யூசுப்?"

"பழத்தைக் கேட்டேன் சார். இப்பவே துன்னுடச் சொல்லுன்னுச்சு."

மேனேஜரும் சிரித்தார். மறுநாள் காலையில் பாய் வந்தபோது குளிர் அறை பூட்டியிருந்தது. "உங்களுக்குத் தொழிலாளிங்க மேல பாசம் ஜாஸ்தி. அவங்களுக்குச் சோறு ஆக்குற இடத்துலயே நில்லுங்க" என்றார் மேனேஜர்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கீழே நீராவியில் சோறு வேகும் அண்டாக்கள். ஒரே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி. அது போன கோடையிலேயே நின்றுவிட்டது. இறக்கைகளுக்கு நடுவே காக்கை குச்சியும் கம்பியும் அடுக்கிக் கூடு கட்டியிருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி நானே பலமுறை கேட்டிருக்கிறேன். தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன், விசிறி ஒப்பந்தக்காரருடையது, தான் தொட முடியாது என்பார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள், சுவர் தொழிற்சாலையுடையது, அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது என்பார்கள். சுவருக்கு ஒரு முதலாளி, விசிறிக்கு ஒரு முதலாளி. நடுவில் நின்று வேகிறவர்களுக்கு மட்டும் யாரும் இல்லை.

கலா அக்காவும் அங்கேதான் வேலை செய்கிறார். கொடுங்கையூரிலிருந்து வருபவர். பாயை அவர் திட்டாத நாளில்லை. "பாய், மூஞ்சி செவந்துகினே போவுது. நீ மல்லாக்க வுழுந்தா தூக்க என்னால ஆவாது. போயி ஒக்காரு."

"நான் ஒக்காந்தா அண்டாவ யாரு எறக்குறது, உன் மாமியாரா?"

"அவ வந்தா அண்டாவே எறங்கி ஓடிடும்."

சிரித்துக்கொண்டேதான் நின்றார்கள். ஆனால் பாய்க்கு ரத்த அழுத்தம் இருந்தது; மாத்திரை போடுவதை மேனேஜருக்கும் சொல்லியிருந்தார். இரண்டு முறை அவரிடம் போய்க் கேட்டார், நானும் பக்கத்தில் இருந்தேன். முதல் முறை தொப்பியைக் கழற்றாமல் கேட்டார். "சார், நான் கோல்டு செக்‌ஷன் ஆளு." இரண்டாம் முறை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "சார், முடியல சார்." மேனேஜர் சொன்ன பதில்: "வெயில் கொறையட்டும், யோசிக்கலாம்."

அதற்குள் அதிகாரிகளின் அறையில் சாலட் கெட்டுப்போயிருந்தது. கடையில் வாங்கிய பன்னீர்த் துண்டுகளைப் பழத்தோடு கொட்டி, காலையிலேயே கலந்து வைத்துவிடுகிறார்கள். ஒரு அதிகாரி, "முன்னாடி செஞ்சவர் எங்கே?" என்று கேட்டார். நல்ல மனிதர், உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். "லீவுல இருக்காரு சார்" என்றார் மேனேஜர். பாய் அப்போது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

துபாயைப் பற்றி அவர் பெருமை பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கடைசியாக அதைச் சொன்னபோது பெருமை இல்லை. கழுத்தில் ஈரத்துண்டோடு என் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தார். "வெளிய நெருப்பும்மா அந்த ஊரு. எவனோ ஒரு அரபி. அவன் கூட என்னைக் குளிர்லதான் வெச்சிருந்தான்." கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் மதியம் அண்டாவுக்குப் பக்கத்தில் விழுந்தார்.

அடக்கம் செய்த அன்று நாங்கள் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தச் சின்ன வீட்டில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய மனைவி மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் யாரென்று சொன்னதும், "நீதான் ஸ்டோரா?" என்றார். பிறகு, "அங்க இன்னாத்தம்மா செய்வாரு? வூட்ல ஒரு எலுமிச்சம்பழம் நறுக்குனதில்ல அந்த மனுசன்" என்றார். நான் சொன்னேன். சீஸ் தொங்குவதை, புதினாவைக் கிள்ளுவதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதை கேட்பதுபோல் கேட்டார். "எப்பவும் கை ஐஸாட்டம் இருக்கும்மா அவருக்கு. காய்ச்சல்னா புள்ளைங்க நெத்தியில அவர் கையத்தான் வெப்பேன். இப்போ கொஞ்ச நாளா அந்தக் கையும் கொதிச்சுது" என்றார்.

யூசுப் பாய், நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று தெரிந்து உங்களை அடக்கமானவர், அமைதியானவர் என்றெல்லாம் எழுதாமல் விட்டிருக்கிறேன். உங்களைப்போல் பழம் நறுக்க எங்களில் யாருக்கும் தெரியாது. நிம்மதியாக உறங்குங்கள்.

நேற்று அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். தொழிற்சாலை அதிகாரிகளும் வந்திருந்தார்கள். மேனேஜர், அர்ப்பணிப்பு என்ற சொல்லைப் பலமுறை பயன்படுத்தினார். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று மரியாதைக்காகக் கேட்டார்கள். நான் எழுந்தேன்.

"பாய் நின்ன எடத்துல இன்னிக்கு கலா அக்கா தனியா நிக்கிறாங்க. அந்த விசிறி ஓடுற வரைக்கும் அங்க அண்டா ஏத்தக் கூடாது. சுவரு உங்களுது, விசிறி இவங்களுது. ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்க. யாரு மாட்டப் போறீங்க, எப்போ மாட்டப் போறீங்கன்னு இப்பவே சொல்லுங்க."

மேனேஜர் அதிகாரிகளைப் பார்த்தார். அதிகாரிகள் மேனேஜரைப் பார்த்தார்கள். ஒருவர் தன் கைபேசியைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கதவோரம் நின்றிருந்த கலா அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சோத்துக்கு நேரமாச்சி, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் உட்காரவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"யாரு மாட்டப் போறீங்க?"