நேர்த்திக்காசில் தெரிந்த இரட்டைக் கோடு

அன்று காலை முரசுமோட்டையில், அக்காவின் வீட்டில் நடந்தவை:

1. சாமித்தட்டில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த நேர்த்திக்காசை அத்தான் அவிழ்த்தார்.
2. அக்கா பறிக்கப் போனாள். அவர் அவளைச் சுவரோடு தள்ளி அறைந்தார். உதடு கிழிந்தது.
3. அக்கா அகப்பையால் அவரது காதடியில் அடித்தாள்.
4. காசை வந்து பார்த்துச் சொல்லும்படி, கிளிநொச்சியிலிருந்த என்னை அத்தான் கைபேசியில் கூப்பிட்டார்.

அது ஐந்து ரூபாய் நாணயக்குற்றி. அக்காவின் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது வற்றாப்பளை அம்மனுக்கென்று முடிந்தது. முடிந்த அதே காசைத்தான் உண்டியலில் போட வேண்டும். மாற்றுக்காசு எங்கள் பக்கத்தில் செல்லாது. பிள்ளை தேறிவிட்டாள். காசு கோயில் பொங்கலுக்காகக் காத்திருந்தது. அச்சுப்பிழை உள்ள நாணயங்கள் இலட்சக்கணக்கில் விலைபோவதாக அத்தான் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். வீட்டுச் சில்லறை முழுவதையும் புரட்டிய பிறகு மிஞ்சியது இந்த முடிச்சுத்தான். உள்ளே இருந்த காசில் ஐந்து என்ற எண் இரட்டையாகத் தெரிந்தது.

"மச்சாள், நீர்தானே மெசின் படிச்சனீர். வடிவாப் பாரும்," என்றார் அத்தான். காதுக்குப் பின்னால் இரத்தம் காயவில்லை.

"ஓம், பார். பாத்துப்போட்டு அவருக்கு ஒரு மாடி வீடும் கட்டிக் குடு," என்றாள் அக்கா, உதட்டில் துணியை அழுத்தியபடி.

இயந்திர வேலைத்தலத்தில் நான் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். நாணயம் அடிக்கும் அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்திருந்தால் இரண்டு கோடுகளும் ஒரே உயரத்தில் உருண்டு நிற்கும். சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். இதில் இரண்டாவது கோடு ஒரு படியைப்போலத் தட்டையாகத் தாழ்ந்திருந்தது. தளர்ந்த அச்சு அடிக்கும்போது அசைந்து எண்ணின் ஓரத்தை நசுக்கியிருக்கிறது. அடிக்கடி நடப்பது, விலை கிடையாது. போதாததற்கு அத்தான், நான் வருவதற்குள் குத்துவிளக்கு மினுக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தார். அரிய நாணயமென்றாலும் அந்தத் தேய்ப்பே அதைக் கெடுத்திருக்கும்.

"அஞ்சு ரூபாதான், அத்தான்."

"அக்காவும் தங்கச்சியும் முதலே கதைச்சு வைச்சுத்தானே சொல்லுறியள்."

"இல்லை. வவுனியாவில வாங்கிற ஆக்கள் இருக்கினம். அவையளிட்டயும் கேட்டுப் பாருங்கோ."

"அப்ப ஒருத்தருக்கும் வேண்டாம்."

காசை வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். அதை எடுக்க அக்கா கையை நீட்டினாள். அடுத்த அடி அவளது விரல்களில் விழுந்தது. அவர் மறுபடியும் ஓங்கினார். நான் விறகுக்கட்டையால் அவரது மணிக்கட்டில் அடித்த பிறகுதான் சுத்தியல் கீழே விழுந்தது.

நசுங்கிய காசைத்தான் பொங்கலன்று கொண்டுபோனோம். அக்காவின் வலது கை கட்டுக்குள் இருந்தது, இடது கையால் அம்மனுக்குக் கொடுக்க முடியாது. மகள் போட்டாள்.

அக்காவும் மகளும் இப்போது கிளிநொச்சியில் என்னோடு இருக்கிறார்கள். அக்காவின் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அத்தான் மீதான வழக்கு இன்னும் முடியவில்லை.