மாடிப்படி ஏறிய குதிரை

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி தொடங்கி லாரியில் லோடு ஏற்றுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. அவளுடைய வேலைக் கோட்டின் பையில் ஓர் இரும்பு ஸ்கேல் எப்போதும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதை அவள் வெளியே எடுப்பது அபூர்வம். மெஷினிலிருந்து மடித்து ஒட்டி வருகிற பெட்டிகள் அவள் மேசையைத் தாண்டித்தான் கட்டுக்குப் போகவேண்டும். ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவாள், நாலு மூலையும் பொருந்தி நின்றால் “பாஸ்”, இல்லையென்றால் “ரிஜெக்ட்”. நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் இந்த இரண்டு சொற்கள்தான். யாராவது மல்லுக்கு நின்றால் மட்டும் ஸ்கேல் வெளியே வரும். அது வந்தபிறகு மல்லுக்கு நின்றவர் வாயைத் திறந்ததாகக் கேள்வியில்லை.

வேலையை வேலை செய்கிற இடத்திலேயே கழற்றி மாட்டிவிட்டு வர எல்லோராலும் முடிவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், சுவரில் சாய்ந்து தொங்குகிற படத்தை நேராக்காமல் ஸ்கேல் அக்காவுக்கு டீ தொண்டையில் இறங்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தால், இறங்குகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக், வாயாடி. “எங்க கல்யாண போட்டோவுல எல்லாரும் கேமராவைப் பாக்குறாங்க. இவ மட்டும் ஏன் இந்த ஆளோட தலை சாஞ்சிருக்குன்னு என்னைப் பாக்குறா” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். போட்டோவும் அப்படித்தான் இருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. அவர்கள் குடியிருந்த கட்டடம் முழுக்க அவளுக்கு வாலு என்று பெயர். பிள்ளை கையில் ஃபோனைக் கொடுத்தால் வீடு சுத்தமாக இருக்கும், அட்டையைக் கொடுத்தால் வீடு குப்பைமேடாகும். இதை நன்றாகத் தெரிந்துகொண்டேதான் ஸ்கேல் அக்கா குப்பைமேட்டைத் தேர்ந்தெடுத்தாள். கம்பெனியில் கழித்துக் கட்டிய அட்டைகளை வாரத்துக்கு ஒரு கட்டாகச் சுமந்து வருவாள். அப்பா பங்குக்குச் செம்புக் கம்பித் துண்டுகளும் பாட்டில் மூடிகளும் வரும். நுனி மழுங்கின கத்தரிக்கோல் ஒன்று, ஒரு பாட்டில் பசை. அவ்வளவுதான் முதலீடு. வாலு அதில் எறும்புக்கு பஸ் செய்தாள், ஃபிரிட்ஜுக்கு மூக்குக்கண்ணாடி செய்தாள், அப்பாவின் செருப்புக்கு வீடு கட்டி, வாடகை தராததால் செருப்பை வெளியே தூக்கிப் போட்டாள். இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கிறோமே என்று ஸ்கேல் அக்காவுக்கு உள்ளூரப் பெருமை. அதை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தக் கை சும்மா இருக்காதே. மகள் பள்ளிக்கூடம் போனபிறகோ தூங்கின பிறகோ, அவள் செய்து வைத்ததை எடுத்து ஓரத்தைக் கொஞ்சம் நறுக்குவாள். பிதுங்கின பசையைச் சுரண்டுவாள். எறும்பு பஸ்ஸின் ஜன்னல்கள் ஒன்று பூதாகாரமாகவும் ஒன்று பொட்டாகவும் இருந்தன, மறுநாள் எல்லாம் ஒரே அளவாகிவிட்டன. பெரிய ஜன்னல் பெரிய எறும்புக்கு என்று அவளுக்கு யார் சொல்வது? “அம்மா, இதை நீ தொட்டியா?” என்று வாலு கேட்டால், “லேசாத் தொட்டேன்” என்பாள். அந்த லேசாவுக்கு எல்லையே கிடையாது.

அப்படியிருக்கும்போதுதான் குதிரை வந்தது. கம்பெனியில் ஆர்டர் குவிந்த சமயம், ஸ்கேல் அக்கா விடியுமுன் போய் இருட்டினபிறகு வந்துகொண்டிருந்தாள். மகள் ஏதோ கெட்டி அட்டையில் உடம்பு செய்கிறாள், செம்புக் கம்பியில் வால் செய்கிறாள் என்பது வரைக்கும்தான் கண்ணில் பட்டது. ஒரு விடுமுறை நாளில் அப்பாவும் மகளும் கடைக்குப் போயிருந்தார்கள். வீட்டைப் பெருக்கக் குனிந்தவள், கட்டிலுக்கு அடியில் குதிரையைப் பார்த்தாள். முன்னங்கால்கள் குட்டை, பின்னங்கால்கள் நெட்டை. மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி நின்றது.

பாவம், பிள்ளைக்கு அளவு தப்பிவிட்டது என்று அவள் மனம் உருகியது. உருகின கையோடு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள், கட்டரை எடுத்துப் பின்னங்கால்களை முன்னங்கால்களின் அளவுக்குச் சீவினாள். வெட்டின துண்டுகள் குப்பையோடு போயின. குதிரை இப்போது பாறை மாதிரி நின்றது. அதைத் தூக்கி எல்லோர் கண்ணிலும் படும்படி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். மகள் வந்து துள்ளிக் குதிப்பாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாலு வந்தாள். ஃபிரிட்ஜை அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“லேசாத் தொட்டேன்” என்றாள் அம்மா.

“நல்லா இருக்கு மா” என்று சொல்லிவிட்டு வாலு கை கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. அதனாலேயே யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வீடு மெல்ல மெல்லச் சுத்தமானது. வாலு அப்பாவின் ஃபோனை வாங்கி ஒரு மூலையில் உட்கார்ந்தாள், சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாள். வருகிறவர்கள், பிள்ளை எவ்வளவு அடக்கமாக மாறிவிட்டாள் என்று மெச்சினார்கள். கட்டிலுக்கு அடியில் அட்டைக் கட்டு பிரிக்காமல் கட்டின்மேல் கட்டாக ஏறியது. ஒருநாள் ஸ்கேல் அக்கா பசை பாட்டிலை எடுத்துப் பார்த்தால், வாய் காய்ந்து அடைத்துக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

உடனே ஓடிப்போய் ஜிகினாத் தாள், வண்ணத் தாள், புதுக் கத்தரிக்கோல் எல்லாம் வாங்கி வந்தாள். அதோடு நின்றாளா? மகளுக்குச் சிரமம் வேண்டாம் என்று அட்டையில் பூ, மீன், வீடு எல்லாம் தானே அளந்து வரைந்து, கோட்டின்மேல் வெட்டினால் போதும் என்று நீட்டினாள். அணைக்கிறேன் என்று போய் நெருப்பில் எண்ணெயை ஊற்றின கதைதான்.

வாலு அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “நீயே செய் மா. நீதான் கோணாம செய்வ.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வாலு அதை உண்மை என்று நம்பிச் சொன்னாள். ஸ்கேல் அக்கா கணவரிடம் சொன்னதற்கு, சின்னப் பிள்ளைகள் ஒன்றைப் பிடிக்கும், ஒன்றை விடும், இதற்கெல்லாமா முகத்தைத் தொங்கப்போடுவது என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சரோ வாலுவைப் பாராட்டித் தள்ளினார். முன்பெல்லாம் படம் வரையச் சொன்னால் தாளைத் தாண்டி மேசையிலும் வரைவாளாம். இப்போது ஒரு கோடு போட்டால் எழுந்து வந்து “மிஸ், இது சரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கோடு போடுகிறாளாம். அவ்வளவு ஒழுங்காம். ஸ்கேல் அக்கா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். கம்பெனியில் புதிதாகச் சேருகிற பெண்கள் முதல் மாதம் அவளிடம் அப்படித்தான் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் சம்பளத்துக்கு வருகிறவர்கள். தன் மகளுக்கு வயது ஏழு. தன்னால்தான் இப்படி ஆனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தான் செய்த எதனால் என்பதுதான் தெரியவில்லை.

அது அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தெரிந்தது. மாடிப்படி தொடங்குகிற இடத்தில் டெய்லர் அண்ணனின் கடை. கதவை அவர் சாத்துவதே இல்லை, மெஷினில் உட்கார்ந்தால் அவருக்கு எதிரே படிதான். மகளின் யூனிஃபார்ம் பாவாடையின் மடிப்பு பிரிந்துவிட்டதென்று ஒரு சாயங்காலம் ஸ்கேல் அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். பாவாடையைப் புரட்டிக்கொண்டே அவர் கேட்டார்.

“ஏம்மா, அந்தக் குதிரை என்ன ஆச்சு?”

“எந்தக் குதிரை, அண்ணா?”

“படியேறுற குதிரைதான். முன்னங்கால் மேல் படியில, பின்னங்கால் கீழ்ப் படியில, ஜம்முனு நிக்குமே. தினம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு படி மேல ஏத்தி வைப்பா. யாராவது மிதிச்சிடுவாங்கன்னு நீ வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுவா. எந்தப் படியில விட்டோம்னு மறந்துடாம இருக்க நான்தான் சாக்பீஸால கோடு போட்டு வைப்பேன். மொட்டைமாடிக்குப் போகுதாம், ஊரைப் பாக்க. உங்க வீட்டுக்கிட்ட வந்துடுச்சு. அப்புறம் ஆளையே காணோம்.”

ஸ்கேல் அக்கா படியைத் திரும்பிப் பார்த்தாள். படிகளின் ஓரத்தில் துணிக்குக் குறிபோடும் சாக்பீஸ் கோடுகள், காலடி பட்டு மங்கியிருந்தன. தினமும் அவள் ஏறி இறங்குகிற படிதான். அந்தக் கோடுகளையும் பார்த்திருக்கிறாள். யாரோ கோணலாகக் கிறுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்ததோடு சரி.

பையிலிருந்து ஸ்கேலை எடுத்து ஒரு படியின் உயரத்துக்கு நேரே நிறுத்திப் பார்த்தாள். குதிரையின் பின்னங்காலில் அன்று அவள் ஸ்கேல் வைத்துச் சீவித் தள்ளிய துண்டும் அதே அளவுதான், அது அவளுக்கு மறக்காது. இம்மிகூடப் பிசகவில்லை. மகளுக்கு அளவு தப்பவே இல்லை. ஒழுங்காக வந்த உருப்படியைத் தன் கையாலேயே ரிஜெக்ட் செய்திருக்கிறோம் என்று நினைத்ததும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டெய்லர் அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் நல்ல கெட்டி அட்டையாகப் பார்த்து எடுத்து, இரண்டு கால் துண்டுகளை அளந்து வெட்டினாள். வீட்டுக்குப் போனதும் ஒட்டிவிடலாம் என்று கணக்கு. வெட்டி முடித்து, ஒரு கண்ணை மூடி, இரண்டும் ஒரே அளவா என்று பார்த்தபோதுதான் தன் கையை அவளே பார்த்தாள். மறுபடியும் லேசாகத் தொடப் போகிறாள். துண்டுகளைக் கிழித்துக் கழிவுக் கூடையில் போட்டாள்.

வீட்டில் வாலு ஃபோனோடு இருந்தாள். ஸ்கேல் அக்கா குதிரையை ஃபிரிட்ஜின் மேலிருந்து இறக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது படியேறுற குதிரைன்னு எனக்குத் தெரியாதுடி. உன்னைக் கேட்டிருக்கணும். கேக்காம வெட்டிட்டேன். தப்பு என்னோடதுதான்.”

“பரவால்ல மா” என்றாள் வாலு, தலை நிமிராமல்.

“இப்ப இதுக்கு என்ன செய்யலாம்னு நீ சொல்லு. நான் தொட மாட்டேன்.”

வாலு இப்போது நிமிர்ந்தாள். “லேசாக்கூட?”

“லேசாக்கூட.”

வாலு ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் குதிரையை வாங்கிக் கால்களைத் தடவினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, இது இனிமேல் ஏறாது, ஆனால் ஃபிரிட்ஜ் மேலேயே இவ்வளவு நாள் நின்றதால் மொட்டைமாடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம், இனி இறங்கத்தான் வேண்டும், இறங்குகிற குதிரைக்கு முன்னங்கால்தான் நெட்டையாக இருக்கவேண்டும் என்று விளக்கினாள். அவ்வளவு நீளமாக அவள் பேசிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா சத்தமில்லாமல் பசை பாட்டிலை எடுத்துப்போய் ஊசியால் குத்தி அடைப்பை எடுத்துக் கொடுத்தார்.

பழக்கம் விட்டுப்போன கை. கத்தரிக்கோல் அட்டையில் சிக்கியது, கால் ஒன்று அகலமாகவும் ஒன்று ஒல்லியாகவும் வந்தது. பசை தரையிலும் பாவாடையிலும் வழிந்தது. ஸ்கேல் அக்கா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான்.

“இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ” என்றாள் வாலு.

அவள் ஆசையாகப் பிடித்தாள். பிடித்ததும் விரல்கள் தாமாகவே காலை நிமிர்த்தின.

“நேரா பிடிக்காத மா. இருக்கிற மாதிரியே பிடி.”

பசை காயும்வரை இருக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். டெய்லர் அண்ணனும் சாக்பீஸோடு மேலே வந்தார். வாலு குதிரையைக் கடைசிப் படியில் பின்னங்கால்களும் அதற்குக் கீழ்ப் படியில் முன்னங்கால்களுமாக வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். இடது பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. மூக்கைக் கீழ்நோக்கி நீட்டி, விழாமல் நின்றது. வாலு குதிரையைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“பாஸா, ரிஜெக்டா?”

“எனக்கு இங்க லீவுடி” என்றாள் ஸ்கேல் அக்கா. “நீயே பாரு.”

வாலு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். குதிரை ஆடி, நின்றது.

“பாஸ்” என்றாள்.

டெய்லர் அண்ணன் குனிந்து படியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். கோடு கோணலாகத்தான் இருந்தது. ஸ்கேல் அக்கா அதைத் தாண்டிக் கீழே இறங்கி பஸ்ஸுக்குப் போனாள்.