பாக்கெட் மடிப்பில் தடவிய சொல்யூஷன்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் வருகிற ரோட்டில் ஒரு சின்ன தையல் யூனிட்டில் நடந்தது இது. பெண்கள் போடுகிற ஜீன்ஸ் பேண்ட் தைக்கிற இடம். பூச்சிமருந்து அடிக்காமல் விளைந்த பருத்தி, விஷமில்லாத சாயம். ஆர்கானிக் என்பார்கள். முதுகு சாய நாற்காலி உண்டு. ஐந்தரைக்கு மேல் யாரையும் நிறுத்திவைக்க மாட்டார்கள்.

நான் அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். என் கை பட்ட ஷூ ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகித் திரும்பியதில்லை. வயசாகிவிட்டது என்று அங்கே வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். இங்கே வயசைக் கேட்கவில்லை, ஒரு துண்டு தைத்துக் காட்டச் சொன்னார்கள். தைத்துக் காட்டினேன். தோலையே வளைத்தவளுக்குத் துணி எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டுதான் மிஷினில் உட்கார்ந்தேன்.

எனக்குக் கொடுத்தது பின்பக்கப் பாக்கெட். துண்டின் நடுவே பாக்கெட் அளவுக்கு வெட்டிய அட்டையை வைத்து, ஓரத்தை மடித்து இஸ்திரி போட்டு, அப்புறம் பேண்ட்டில் வைத்துத் தைக்க வேண்டும். பக்கத்து மிஷினில் இருந்தவள் அணைக்கட்டு என்கிற ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் அப்படித்தான் செய்வாள். எனக்கு அது சின்னப்பிள்ளை வேலையாகப் பட்டது. ஷூவில் நாங்கள் ஓரத்தில் சொல்யூஷன், அதுதான் அந்த ரப்பர் பசை, தடவி மடித்து, சுத்தியால் லேசாகத் தட்டுவோம். அப்புறம் மடிப்பு அசையாது. வீட்டில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. மடியில் வைத்துக் கொண்டுவந்து தடவினேன். திருட்டுத்தனம் என்று நினைக்கவில்லை, என் தொழில் ரகசியம் என்று நினைத்தேன். காற்றிலேயே தோல் வாசனை கலந்திருக்கிற ஊர்ப்பக்கம், பசை வாசனையை யார் கண்டுகொள்ளப்போகிறார்கள்?

"இன்னா யக்கா, உன் மடிப்பு மட்டும் கத்தி மாதிரி நிக்குது?" என்று கேட்டாள் அவள்.

"கை அப்டிடி" என்றேன்.

மூன்றாம் நாள், சாம்பிளுக்கென்று வாஷிங் போன இரண்டு பேண்ட்களைத் தூக்கிக்கொண்டு சூப்பர்வைசர் வந்தாள். என் மகள் வயசுப் பெண். பாக்கெட் ஓரமெல்லாம் மஞ்சள் கறை. அந்தத் துணிக்கட்டு எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொடுத்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, நேராக அணைக்கட்டுக்காரியிடம் போனாள்.

"தலைக்கு எண்ணெ வெச்ச கையோட துணியத் தொடாதேன்னு எத்தினி தபா சொல்றது? அந்த அம்மாவப் பாரு, இந்த வயசுல எவ்ளோ நீட்டா தைக்கிறாங்க!"

"சத்தியமா கழுவிட்டுத்தான் மேடம் உக்காந்தேன்."

"நாளைலேர்ந்து மிஷின் வேணாம். நூல் வெட்ற டேபிளுக்குப் போய்டு."

ஒரு வருஷம் நூல் வெட்டி, அப்புறம்தான் அவளுக்கு அந்த மிஷின் கிடைத்திருந்தது. நான் கறையைத் தொட்டுப் பார்த்தேன். விறைப்பாக இருந்தது. எண்ணெய் விறைக்காது. என் பசைதான் என்று புரிந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷப் பேரை நினைத்து, பாட்டிலை மிஷினுக்கு அடியில் தள்ளினேன்.

அவள் கத்திரியை எடுத்துக்கொண்டாள். எழுந்தவள், தான் உட்காரும் சின்ன மெத்தையை என் பக்கம் தள்ளினாள். "இடுப்பு வலின்னியே யக்கா. நீ வெச்சிக்கோ."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உக்காருடி" என்றேன். பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "மேடம், அது எண்ணெ இல்ல, சொல்யூஷன். என் வேல."

"பசை கூடாதுன்னு போர்டுல எழுதியிருக்கே, அம்மா!" என்றாள் சூப்பர்வைசர். போர்டை தினமும் பார்க்கிறேன்தான். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும். எனக்குத் தெரியாததா அதில் இருக்கப்போகிறது என்று விட்டிருந்தேன்.

"இன்னும் எத்தினி பேண்ட்ல?"

"நாப்பது."

"எல்லாத்தையும் பிரிங்க. புதுப் பாக்கெட் வெட்டித் தர்றேன்."

"பிரிச்சா ஓட்டை தெரியுமேம்மா?" என்றேன். தோலில் ஊசி ஒரு தடவை இறங்கினால் இறங்கினதுதான், பிரித்தால் அது குப்பைக்குத்தான் போகும். கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பாக்கெட்டைப் பிரித்து, துணியை நகத்தால் நீவி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாள். ஓட்டைகள் காணோம். கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். காணோம்.

அப்புறம் அணைக்கட்டுக்காரியிடம், "தப்பா பேசிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். நாற்பதையும் நானே பிரிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். அணைக்கட்டுக்காரி விடவில்லை. "இன்னாத்துக்கு பேஜார் பண்ற? தள்ளிக்க" என்று பாதியை இழுத்துக்கொண்டாள். அட்டை வைத்து இஸ்திரி போடுவதையும் அன்று அவளிடம்தான் கற்றேன்.

வாஷிங் போன அந்த இரண்டு பேண்ட்டும் விற்பனைக்கு ஆகவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தேன். எங்கள் தெருவில் பெட்டியில் ஜீன்ஸ் வைத்திருக்கிற கிழவி நான் ஒருத்திதான்.

இன்றும் அதே மிஷினில்தான் இருக்கிறேன். பாக்கெட் தைப்பதில் என்னை மிஞ்ச அந்த ஹாலில் ஆளில்லை, அதை எங்கேயும் சொல்வேன். ஆனால் என் கையால் ரிஜெக்ட் ஆனது எத்தனை என்று யாராவது கேட்டால் இரண்டு என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன். அப்படிச் சொன்னதால் என் பேரில் ஒரு ஓட்டையும் விழவில்லை.