சாமிக்கு மட்டும் சொன்ன ஆசை

நான்கு வருடங்களாக இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன். என் அசட்டுத்தனத்தை நானே ஊருக்குச் சொல்வதா என்ற கூச்சம்தான்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்குப் பிசிறு தேய்ப்பது என் வேலை. பத்தாவது வரை படித்திருக்கிறேன். சூளை வேலை கற்றுக்கொண்டு மேலே வர வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊர் வழக்கப்படி அதைச் சாமிக்குப் பிராதாக, அதாவது மனுவாக, ஒரு தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் கோயிலில் வருடா வருடம் கட்டி வந்தேன்.

"சாமிக்கு எழுதுற கை, மொதலாளிக்கு எழுதுனா சுளுக்கிக்குமாக்கா?" என்று கூட வேலை பார்க்கும் பரீதா கேலி செய்வாள்.

"கேக்க வேண்டியவரு கேட்டுக்கிட்டுதான் இருக்காரு, போடி" என்பேன்.

பட்டறைக்குப் புது கேஸ் சூளை வந்தது. அதைப் பழக, சேர்ந்து ஆறே மாதமான ஒருத்தியைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் முதலாளியிடம் போய் அழுதேன்.

"பதினாறு வருஷமா ஒரு வார்த்த சொல்லலியேம்மா! அந்தப் பொண்ணு வந்து கேட்டுச்சு. ஒனக்கு இதுவே போதும்னு இல்ல நெனச்சன். இனிமே அனுப்பலாம்னாலும், நாப்பது வயசுக்கு மேல பயிற்சியில சேக்க மாட்டாங்களே" என்றார். அவருக்கும் வருத்தம்தான்.

இன்றும் பிசிறுதான் தேய்க்கிறேன். இனி மாறும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனால் பிராது எழுதும்போது அதையே இன்னொரு தாளிலும் எழுதி, முதலாளி கையில் கொடுத்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போகிறேன். மூன்று கொடுத்தாயிற்று, பதில் இல்லை. ஆனாலும் கொடுக்கிறேன்.

படிப்பவர்கள் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், சாமி மேல் பழி போடாமல், வேலைக்குப் போகும் பெண்களிடம் இதைச் சொல்லுங்கள்.