சத்தமில்லாத காரும் சாமைக் கதிரும்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர். சாமை அறுத்ததும் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ், லாரி ஏறி இறங்கினால் மணி உதிர்ந்துவிடும். வண்டிச் சத்தம் கேட்டதும் நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம்.

போன அறுப்பின்போது என் மகன் வேலு கரண்டில் ஓடும் கார் வாங்கி வந்தான். சின்னதுதான், ஆனால் உயரமாக நிற்கும். மலை ரோட்டுக்கு ஏற்றது. முன்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன். ஊருக்கு முன்னால் பக்கத்து வீட்டு வள்ளியின் கதிர் ரோட்டில் கிடந்தது. ஆளைக் காணவில்லை.

"ஏத்துடா, அவளுக்கும் ஒதவியா இருக்கும்" என்றேன். வேலு மெதுவாக விட்டான். சத்தமே இல்லை. நான் காரில் வருவதை வள்ளி பார்க்க வேண்டாமா?

"ஹாரன் அடிடா, எங்க இருந்தாலும் ஓடியாரட்டும்."

அடித்தான். டயருக்கு ஒரு முழம் முன்னால் கதிர் எழுந்து உட்கார்ந்தது. வெயிலுக்குக் கதிரையே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள் வள்ளி!

"இன்னாக்கா, பேயாட்டம் வந்து நிக்கிறீங்க? பஸ்ஸுன்னா அந்தத் திருப்பத்துலயே முழிச்சிக்குவேனே!" என்றாள். வேலு பிரேக்கிலிருந்து காலையே எடுக்கவில்லை.

ஹாரன் அடிக்கச் சொல்லி நான்தான் உயிரைக் காப்பாற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாள். எதற்காக அடிக்கச் சொன்னேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுத்துக்கூட்டி இங்கே எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் ரோட்டில் கதிர் கிடந்தால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறேன். காலால் கதிரைத் தடவிக்கொண்டே முன்னால் நடக்கிறேன். வள்ளி பார்த்துச் சிரிப்பாள். என் காலுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதோ மெத்தென்று படுகிறது.