நீளஜெபத்தக்காவும் எதிரி நாட்டுக் காவல்காரனும்

எங்கள் சபையில் ஜெபம் செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நிறுத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அதிலும் முதலிடம் நீளஜெபத்தக்காவுக்கு. ஆராதனை முடிவதற்குமுன் விண்ணப்ப நேரம் என்று ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கில் ஜெபிக்கலாம். அந்த மைக் என் பொறுப்பு. கடைத்தெருவில் மிக்சியும் மின்விசிறியும் பழுதுபார்க்கிறவன் என்பதால் கர்த்தர் எனக்குக் கொடுத்த ஊழியம் அது. சம்பளம் பரலோகத்தில்.

அக்காவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளை உதறி உருளை இயந்திரத்துக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதைச் சூட்டோடு மடிக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன கை. புருஷன் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஒரே மகன் ராணுவத்தில் லாரி ஓட்டினான். எல்லைச் சண்டையில் லாரி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. எதிரியிடம் பிடிபட்டிருக்கலாம் என்றது ராணுவம். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா மைக்கைப் பிடித்தாள்.

மற்றவர்கள், சிறைப்பட்டவர்களை விடுவியும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டு மீன் வாங்கப் போய்விடுவார்கள். அக்கா விவரம் சொல்வாள்.

"ஆண்டவரே, அவனுக்கு இடதுபக்கம் கடவாப்பல் சொத்தை. ரொட்டி கல்லு மாதிரி இருந்தா மெல்ல முடியாது, தண்ணியில நனைச்சுக் குடுக்கச் சொல்லும். குப்புறப் படுத்துத்தான் தூங்குவான், அதுக்காக யாரும் அடிச்சிடக் கூடாது."

சர்வவல்லவரை வார்டு பாய் மாதிரி வேலை வாங்கினாள். அவரும் பொறுமையாகக் கேட்டிருப்பார், எங்களுக்குத்தான் பசி.

போகப்போக அந்த ஜெபத்துக்குள் இன்னொருவன் நுழைந்தான். எதிரி நாட்டுக் காவல்காரன். அப்படி ஒருவனை யாரும் கண்டதில்லை, கேட்டதில்லை. அக்காவே உண்டாக்கிக்கொண்டவன்.

"அங்க காவலுக்கு நிக்கிறவனுக்கு வயித்துவலி வராம பாத்துக்கொள்ளும். வயித்துவலிக்காரன் கையில தடி இருந்தா என்ன ஆகும்னு உமக்குத் தெரியாததா? அவன் பொண்டாட்டிக்குச் சுகப்பிரசவம் தாரும். வீட்டுல சிரிச்சிட்டு வந்தாத்தான் எம்புள்ளய அடிக்காம இருப்பான்."

சபை கொதித்தது. எதிரியை நேசிக்கச் சொல்லும் வசனம் எங்கள் ஆலயச் சுவரில் ஆளுயர எழுத்தில் இருக்கிறது. வெள்ளையடிக்கும்போதுகூட அது அழியாதபடி சுற்றித்தான் அடிப்போம். அதற்காக ஒருத்தி நிஜமாகவே அதைச் செய்து தொலைப்பதா? சபைச் செயலாளர் என் காதருகே வந்தார். எல்லையைப் படத்தில் மட்டுமே பார்த்த வீரர் அவர்.

"தம்பி, அந்தம்மா காவல்காரன்னு ஆரம்பிச்சா சவுண்ட கொறச்சிடு."

குறைத்தேன். ஒரு பயனும் இல்லை. இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, கடைசி பெஞ்சு வரை போனது.

பிறகு செயலாளர், காணாமல் போன வீரர்களின் ஞாயிறு என்று வருஷத்துக்கு ஒன்றை ஆரம்பித்தார். பீடத்துக்கு முன்னால் காலி நாற்காலி, அதன்மேல் வெள்ளைத் துணி, பக்கத்தில் மெழுகுவர்த்தி. முன்வரிசை முழுக்கப் பெரிய மனிதர்கள். வராதவனுக்கு நாற்காலி போட்டோம். வந்திருந்த அவன் அம்மா தூணோரம் நின்றாள்.

இந்த வருஷம் அந்த ஞாயிற்றுக்கு முந்தின வாரம் ராணுவத்திலிருந்து இரண்டு பேர் சலவைக்கூடத்துக்கே வந்தார்கள். மகன் இனிமேல் காணாமல் போனவன் இல்லை, இறந்தவன் என்றார்கள். உடல் கிடைத்ததா? இல்லை. பார்த்தவர் உண்டா? இல்லை. காணாமல் போய் ஏழு வருஷம் கடந்துவிட்டதாம், ராணுவ விதி அப்படியாம். அக்கா கையிலிருந்த போர்வையை மடித்து வைத்துவிட்டுத்தான் அழுதாள்.

எங்கள் சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் கிடையாது. போனவர் தேவனுடைய கையில். நம் சிபாரிசு அவருக்குத் தேவையில்லை. சனிக்கிழமை ஆறுதல் சொல்லப் போன செயலாளர் இதையும் சொன்னார். நானும் உடன் இருந்தேன்.

"இனிமே அவனுக்காக எதுவும் கேக்கக் கூடாதும்மா. நாளைக்கு நன்றி மட்டும் சொல்லுங்க. சுருக்கமா."

"அப்ப நான் அவர்கிட்ட என்னத்தப் பேசுறதுங்க ஐயா?" என்றாள் அக்கா.

ஐயா தேநீரைக் குடித்து முடித்தார். அந்த ஆள் மண்டையில் ஒன்று போடலாமா என்று எனக்கு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். மகன் போனது ஒரு பக்கம். அவனுக்காகக் கேட்கும் வாயையும் அல்லவா கட்டிவிட்டோம்.

மறுநாள் அந்த நாற்காலியில் அவன் படம் ஏறியிருந்தது. செத்தவனின் தாய் என்பதால் அக்காவுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. விண்ணப்ப நேரத்தில் எழுந்தாள்.

"ஆண்டவரே, எம்புள்ளைக்காகக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. கேக்கல."

செயலாளர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

"ஆனா அந்தக் காவல்காரன் இருக்கான்ல? அவன் செத்துட்டான்னு யாரும் வந்து சொல்லல. அவனுக்காகக் கேக்க நான் ஒருத்திதான் இருந்தேன், திடீர்னு எப்படி விடுறது? அப்ப பொறந்த புள்ள இப்ப வளந்திருக்கும். அதுவும் ஒருநாள் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போகும். போனா, வீடு வந்து சேரட்டும்."

பிறகு, அவளுக்கு வழக்கமே இல்லாதபடி, சுருக்கமாக முடித்தாள்.

"அதைப் பெத்தவள முன்வரிசையில உக்கார வச்சிடாதேயும்."