லிஃப்ட்டுக்குள் பதினான்கு அத்தியாயங்கள்

என் அண்ணி பதினான்கு அத்தியாயங்கள் எழுதினாள். பதினைந்தாவதை எழுத விடாமல் செய்தவள் நான். அண்ணியைப் பற்றி நாலு வார்த்தை எழுதுவதென்றால் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் எங்கேயாவது நல்லவள் வேஷம் கட்டிக்கொண்டு நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அண்ணிக்கு லிஃப்ட் கம்பெனியில் வேலை. விற்பதும் இல்லை, பழுது பார்ப்பதும் இல்லை. லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் மணி படம் போட்ட பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா, அது அடிப்பது அண்ணியின் மேஜையில். ஜன்னல் இல்லாத அறை, நாலு மேஜை, ஆளுக்கொரு ஹெட்போன். என்ன பேச வேண்டும் என்று கம்பெனி ஒரு தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறது: ஆள் கிளம்பிவிட்டார், கதவைத் தள்ளாதீர்கள், காற்று உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்றையும் சொல்லி முடிக்க அரை நிமிஷம். மெக்கானிக் வந்து சேர அரை மணி. மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று அந்தத் தாளில் இல்லை.

ஒருநாள் உள்ளே மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின நாள் டிவியில் பார்த்த துப்பறியும் தொடரின் கதையை எடுத்துவிட்டாள். அழுகை நின்றது. "அப்புறம்?" என்று கேட்டாளாம் அந்தப் பெண். தொடரில் அப்புறம் என்று ஒன்றும் வந்திருக்கவில்லை, 'தொடரும்' போட்டுவிட்டார்கள். மெக்கானிக்கும் வந்தபாடில்லை. அதனால் அண்ணியே அப்புறத்தைச் சொன்னாள்.

அன்றிலிருந்து ஆறு வருஷம், யார் மாட்டிக்கொண்டாலும் கதைதான். "அவங்க மூச்சு சத்தத்தைக் கேட்டுக்கிட்டே சொல்லணும்" என்பாள். "ரொம்ப வேகமா மூச்சு விட்டாங்கன்னா கதையில யாரையாவது உக்கார வெச்சிடுவேன். கேக்கறவங்களும் உக்காந்துடுவாங்க." எழுத்தைப் பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் சொன்னதில்லை. அவள் சொன்னபோது நான் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" கொட்டினேன்.

இப்போது என் பெருமை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, அதை யாரும் படிப்பதில்லை. நான் படிப்பேன். அது அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது என் உத்தியோகம். பதினோரு வருஷமாகப் பிழையையே தேடித் தேடி, சரியாக இருப்பது எதுவும் கண்ணில் படாமல் போய்விட்டது. வேலை விட்டால் ரசிகர் கதை எழுதுவேன். அதே துப்பறியும் தொடரில் ஒரு பெண் இன்ஸ்பெக்டரும் ஒரு பிணவறை டாக்டரும் வருவார்கள். எந்நேரமும் சண்டை, எந்நேரமும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கண். தொடரை எடுக்கிறவர்கள் இருவரையும் சேர்த்து வைக்கவே மாட்டார்கள். அந்தப் புண்ணியத்தை எங்களைப் போன்ற ரசிகர்கள் ஓர் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக் கட்டிக்கொள்வோம். அங்கே என் பெயர் 'குண்டூசி'. என் கதைகளுக்குக் கூட்டம் உண்டு. அடுத்தவர் கதைக்குக் கீழே நான் போடும் கருத்துக்கு அதைவிடக் கூட்டம் உண்டு. நான் இருப்பது அண்ணன் வீட்டில்தான். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேஜையில் என் அத்தியாயங்களை நானே வாசித்துக் காட்டி அவர்கள் சாப்பாட்டை ஆறவைத்திருக்கிறேன்.

அந்தத் தளத்தில் 'ஆறாம் மாடி' என்ற பெயரில் புதிதாக ஒருவர் எழுத வந்தார். இன்ஸ்பெக்டரும் டாக்டரும் லிஃப்ட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பதினான்கு அத்தியாயமும் உள்ளேயேதான். செருப்பைக் கழற்றிப் போடுகிறார்கள், கதவில் பாதத்தை ஊன்றிக்கொண்டு தரையில் உட்கார்கிறார்கள், இருக்கிற ஒரு பாட்டில் தண்ணீரை நீ குடி, நீ குடி என்று தள்ளிக்கொள்கிறார்கள். டாக்டர் அடிக்கடி விளக்கையே நிமிர்ந்து பார்ப்பதை இன்ஸ்பெக்டர் கவனிக்கிறாள். இருட்டென்றால் அவனுக்குப் பயம் என்று புரிந்தும், எல்லாவற்றையும் குடைந்து குடைந்து கேட்கிறவள் அதை மட்டும் கேட்காமல் விடுகிறாள். மதிய இடைவேளையில் முதல் அத்தியாயத்தைத் திறந்தவள் பதினான்கையும் முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான வார்த்தை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்தது இதுதான். அந்த வாரம் என் கதைப் பக்கம் ஈ காக்காய் இல்லை, எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்திருந்தார்கள். நான் இப்படி எழுதினேன்: "லிஃப்ட் நின்னுடுச்சு, சரி. கதையும் எதுக்குக் கூடவே நிக்குது? மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி யாராவது ஓர் எழுத்தாளரைக் கூப்பிடுங்க." சாயங்காலத்துக்குள் முந்நூறு பேர் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு கதை நல்லா இல்லைன்னு நீ எப்படிக் கண்டுபிடிக்கிறே?"

எனக்குக் கேட்க வேண்டுமா? அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். "இன்னைக்குக்கூட ஒண்ணு படிச்சேன் அண்ணி. பதினாலு அத்தியாயம், ரெண்டு பேர் சும்மா லிஃப்ட்டுல உக்காந்திருக்காங்க. கதைன்னா நகரணும், இல்லையா?"

"ஆமா, நகரணும்" என்றாள் அண்ணி. போர்வையின் மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து மடித்தோம்.

மறுநாள் பார்த்தால் தளத்தில் பதினான்கு அத்தியாயமும் இல்லை, ஆறாம் மாடியும் இல்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். அன்றைக்கு எனக்கு அள்ளும் எண்ணமே வரவில்லை. ஒரு போட்டி ஒழிந்தது என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

லிஃப்ட் கம்பெனியில் வேலை செய்கிறவள் ஒரே வீட்டில் இருக்கும்போது லிஃப்ட் கதையை எழுதியது யார் என்று உனக்குத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றவில்லை. அண்ணி எழுதக்கூடியவள் என்றே எனக்குத் தோன்றியதில்லை. இதற்கு மேல் என்னிடம் சாக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், அளவு டேப் தேடி அண்ணன் மேஜையின் இழுப்பறையைத் திறந்தேன். அண்ணன் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுகிறவன்; நேர்கோட்டைத் தவிர வேறு கோடு அறியாதவன். உள்ளே ஒரு கட்டு ஓவியங்கள் இருந்தன. சின்ன அறை போன்ற ஒன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அறையின் அளவு கனகச்சிதம். ஆட்கள்தான் அலமாரி மாதிரி இருந்தார்கள். சிரிக்க வாயெடுத்தேன். அப்புறம்தான் கழற்றிப் போட்ட செருப்புகளைப் பார்த்தேன். கதவில் ஊன்றிய பாதங்களைப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு படங்கள்.

பின்னால் வந்து நின்ற அண்ணன் கூச்சப்பட்டான். "உங்க அண்ணி ஒரு கதை எழுதிட்டிருந்தா. அத்தியாயத்துக்கு ஒண்ணு வரைஞ்சு குடுங்கன்னா... சரி, சிரிக்காதே. இப்ப அவ எழுதறதில்ல. யாரோ என்னமோ சொல்லிட்டாங்களாம்."

"யாருன்னு சொன்னாங்களா?"

"கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டா."

குண்டூசி யார் என்று அண்ணிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் என்னோடு போர்வை மடித்திருக்கிறாள், தெரிந்தும் புருஷனிடம் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். நேரே சமையலறைக்குப் போனேன். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த லிஃப்ட் கதை நீங்க எழுதினதா?"

கத்தி நிற்கவில்லை. "உங்க அண்ணன் சொன்னாரா?"

"படத்தைப் பார்த்தேன். அண்ணி, அங்கே ஏன் போட்டீங்க? என்கிட்டயே காட்டியிருக்கலாமே."

"உனக்குக் காட்டத்தான் அங்கே போட்டேன். கையில குடுத்தா, அண்ணியாச்சேன்னு நல்லாருக்குன்னு சொல்லிடுவே. யாருன்னு தெரியாமப் படிச்சா உள்ளதைச் சொல்லுவேன்னு நெனச்சேன்." நறுக்கியதைத் தட்டில் தள்ளினாள். "சொன்னே."

"நான் சொன்னது பொய் அண்ணி."

இப்போதுதான் நிமிர்ந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரே மூச்சில் படித்ததை, டப்பாவைத் திறக்காததை, வயிறு எரிந்ததை, அவள் அளவுக்கு எனக்கு எழுத வராது என்பதை. சொல்லும்போதே அழுதுவிட்டேன். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு என் தலையைத் தடவினாள்.

"பொறாமையா? உனக்கா, என் மேலயா? போ, போய் முகத்தைக் கழுவு. இப்ப நீ வீட்டு ஆளா பேசறே."

அந்த நிமிஷம்தான் நான் செய்ததன் முழு அளவு எனக்குத் தெரிந்தது. என் பொய்யை அவள் ஒரே நாளில் நம்பினாள். என் உண்மையை நம்புவதற்கு இனி வழியே இல்லை.

"அந்த அத்தியாயமெல்லாம் எங்கேயாவது வெச்சிருக்கீங்களா?"

"நேரா அங்கேயேதான் அடிச்சேன். அழிச்சா போச்சு."

சரி, நான் படித்திருக்கிறேன் அல்லவா என்று தைரியம் செய்துகொண்டேன். மூன்று வாரம் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, நினைவில் இருந்ததை எல்லாம் எழுதினேன். தண்ணீர் பாட்டில், செருப்பு, எல்லாம் அப்படியே வந்தன. ஒரு சொல்கூட என்னுடையது கலக்கக்கூடாது என்று எழுதும் ஒவ்வொரு நாளும் எனக்கே கட்டளை போட்டுக்கொண்டேன். அதை அண்ணி ஒரு தடவை படித்துவிட்டால் போதும், தான் எழுதியது எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்துவிடும், பதினைந்தாவதை எழுத உட்கார்ந்துவிடுவாள் என்று நம்பினேன். பதினான்கு அத்தியாயத்தையும் அச்செடுத்து, ஒருநாள் காலையில் அவள் முன்னால் வைத்தேன்.

வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே, கைப்பையைத் தோளில் மாட்டியபடி, அண்ணி முழுவதையும் படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"நல்லாருக்கு" என்றாள். "அஞ்சாம் அத்தியாயத்துல விளக்கு அணையுது பாரு, எனக்கே பக்குன்னு ஆயிடுச்சு."

"அது நீங்க எழுதினதுதானே அண்ணி."

"நான் எங்கே அணைச்சேன்? உள்ளே மாட்டிக்கிட்டவங்களுக்கு விளக்கும் போயிட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே. அதை நான் எழுத மாட்டேன்."

அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தில் கூரை மேல் காலடிச் சத்தம் கேட்டது. பதினொன்றில் இன்ஸ்பெக்டர் டாக்டரிடம் இருட்டுக்கு ஏன் பயம் என்று கேட்டே விட்டாள். எதையும் சேர்த்த ஞாபகம் எனக்கு இல்லை. அவள் சும்மா விட்டிருந்த இடத்தில் எல்லாம் என் கை சும்மா இருக்கவில்லை.

"மன்னிச்சுடுங்க அண்ணி."

"எதுக்கு? எவ்வளவு வேலை பண்ணியிருக்கே." அவள் முகத்தில் துளிக் கோபம் இல்லை, குத்தல் இல்லை. "இப்பத்தான் எனக்கு நல்லாப் புரியுது. இதுல கதை நகருது. என்னோடதுல நகரவே இல்ல. அன்னைக்கு நீ சொன்னது சரிதான்."

தாள்களை மேஜையில் தட்டி ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பினாள்.